எஸ்தரின் பள்ளியை எடைபோட்ட வாரம்

1

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு மாடிப்படி ஏறும்போது, ஏதோ தப்பு செய்துவிட்டு வருவது போன்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை. குவைத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிறு, வாரத்தின் முதல் வேலை நாள். தேவாலயப் பூசைக்கு வெள்ளிக்கிழமையே போய் வந்துவிடுகிறோம். இங்கு வந்து இந்த மார்ச்சோடு ஐந்து வருடம் முடிகிறது. கால்களுக்கு இந்த நாட்கணக்கு பழகிவிட்டது, மனசுக்குத்தான் பழகவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. எங்கள் பகுதியிலிருக்கும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியின் அலுவலகம். நாங்கள் எப்போதோ விண்ணப்பம் கொடுத்துவிட்டு, இடம் கிடைக்காது என்று மறந்தே போயிருந்தோம். நான்காம் வகுப்பில் ஓர் இடம் காலியாகியிருக்கிறதாம். ஏப்ரலில் வகுப்பு தொடங்குகிறது, வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று அந்த அம்மாள் மலையாளம் கலந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

எஸ்தர் இப்போது படிப்பது ஓர் அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளி. என் கணவர் டேனியல் அங்கே குளிர்சாதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை செய்கிறார். ஊழியர் பிள்ளைகளுக்கு இடம் உண்டு என்றார்கள், சேர்த்தோம். நல்ல பள்ளியா என்று யோசிக்கவே இல்லை. பெயரில் அமெரிக்கா இருந்தது, வாசலில் தோட்டம் இருந்தது, இடமும் இருந்தது. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது போதவில்லை. இந்த ஊர் யாருக்கும் நிரந்தரமில்லை. டேனியலின் ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு மூட்டை கட்ட வேண்டும். எஸ்தர் காஞ்சிபுரத்தில் ஏதோ ஒரு வகுப்பில் போய் உட்கார வேண்டும். அன்றைக்கு அவள் மலங்க மலங்க விழித்தால் அது யார் செய்த தப்பு?

அன்று சாயங்காலம் அப்பாவிடம் வீடியோவில் சொன்னேன். அப்பா ஓய்வு பெற்ற அரசுப் பேருந்து நடத்துநர். அம்மா போன பிறகு சின்ன காஞ்சிபுரத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இதுல இன்னாமா யோசன? நம்ம ஸ்கூலுன்னா நாளைக்கு நீங்க திரும்பி வந்தாலும் புள்ளைய அதே கிளாஸ்ல சேத்துப்பாங்க. அங்க இன்னா சொல்லிக் குடுக்கறாங்கன்னே உனக்குத் தெரில."

எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். வியாழக்கிழமைக்குள் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

2

எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு பள்ளிக்கூடத்தை எடைபோட்டதில்லை. பள்ளிக்கூடங்கள்தான் எங்களை எடைபோட்டன.

என் தாத்தா மாகறலில் பிறருடைய நிலத்தில் வேலை செய்தவர். அப்பா பத்தாவது வரைக்கும் படித்து நடத்துநர் ஆனார். காஞ்சிபுரம், மாகறல், உத்திரமேரூர் என்று ஒரே தடத்தில் பல வருடம் ஓடினார். என்னைக் காஞ்சிபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் சேர்க்கப் போனபோது, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நின்றார். சிஸ்டர் என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார், நான் முழித்தேன். சிஸ்டர் அப்பாவைப் பார்த்தார், அப்பாவும் முழித்தார். பிறகு எப்படியோ இடம் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அப்பா ஒரு கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

என் ஆங்கிலப் பாடங்களை அப்பாதான் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். கடைசி டிரிப் முடித்து, தோல் பையை ஆணியில் மாட்டிவிட்டு, புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொள்வார். அதில் இருப்பது அவருக்கு ஒரு வரியும் புரியாது. ஆனாலும் நான் தப்பு செய்தால் கண்டுபிடித்துவிடுவார். அவருடைய முறை எளிமையானது. நான் நிற்காமல் சொன்னால் சரி, நின்றால் தப்பு. நின்றவுடன் உதட்டைக் குவித்து ஒரு விசில் கொடுப்பார். ஒரு விசில் என்றால் வண்டி நின்றுவிட்டது, மறுபடி முதலிலிருந்து. முழுக்கச் சொல்லி முடித்தால் இரண்டு விசில், போகலாம் ரைட். சாப்பிடப் போகலாம்.

அந்த இரண்டு விசிலுக்காகத்தான் நான் படித்தேன். ஏனாத்தூர்க் கல்லூரியில் எம்.எஸ்ஸி. கணிதம் முடிக்கும் வரை தேற்றங்களைக்கூட நிற்காமல் சொல்லிவிடுவேன். புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. மதிப்பெண் வந்தது. அந்த மதிப்பெண்தான் என்னை மாகறல் சாலையிலிருந்து பட்டமளிப்பு மேடை வரை ஏற்றியது. ஆகவே அந்த முறையைப் பழிக்க எனக்கு வாய் வராது.

3

திங்கட்கிழமை அமெரிக்கப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளரைப் பார்க்கப் போனேன். கேள்விகளை வீட்டிலேயே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். இருந்தாலும் முதல் கேள்வியிலேயே சறுக்கினேன். மூன்றாம் வகுப்புக்குப் போர்ஷன் எவ்வளவு என்று கேட்டுவிட்டேன். அவர் மிகுந்த அக்கறையோடு, மதிய உணவு எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமான அளவு தருகிறோம், எஸ்தருக்குப் பசிக்கிறதா என்று கேட்டார். போர்ஷன் என்றால் அவருக்குச் சாப்பாட்டு அளவு. நான் கேட்டது சிலபஸ் என்று அவசரமாகத் திருத்திச் சொன்னேன்.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்று வரையறை இருக்கிறது. பாடப்புத்தகம் அதற்கு ஒரு கருவி மட்டும்தான். வரவேற்பறையில் மாட்டியிருந்த அங்கீகாரச் சான்றிதழைப் பற்றியும் கேட்டேன். வெளியிலிருந்து ஒரு குழு வந்து பார்த்துவிட்டுக் கொடுப்பது, காலக்கெடு உண்டு, மறுபடி வந்து பார்ப்பார்கள் என்றார். பள்ளி தான் சொல்வதைச் செய்கிறதா என்பதை அந்தச் சான்றிதழ் சொல்லும். என் பிள்ளைக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியுமா என்பதைச் சொல்லாது.

ஆசிரியர்கள் எத்தனை வருடம் இருப்பார்கள் என்று கேட்டபோது மட்டும் அவர் குரல் சற்றுத் தணிந்தது. பலரும் ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். எங்களைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது தாழ்வாரத்தில் பிள்ளைகளின் கட்டுரைகளை ஒட்டியிருந்தார்கள். எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. மூன்றாம் வகுப்புச் சுவரைப் படித்தேன். பிறகு மாடியேறி ஐந்தாம் வகுப்புச் சுவரைப் படித்தேன். கீழே எழுத்துப்பிழைகள் நிறைய. மேலே பிழைகள் குறைந்து, ஒரு பையன் தன் ஊர்க் கடலைப் பற்றி எழுதிவிட்டு, தான் எழுதியதையே கடைசிப் பத்தியில் மறுத்திருந்தான். நடுவில் ஏதோ நடக்கிறது என்று தோன்றியது. படியிறங்கும்போதே சந்தேகமும் வந்தது. நன்றாக எழுதும் பிள்ளைகளின் தாள்களை மட்டும் பார்த்து ஒட்டியிருப்பார்களோ?

வீட்டுக்கு வந்து எஸ்தர் பள்ளியில் கணினியில் எழுதிய தேர்வின் அறிக்கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதில் ரேங்க் கிடையாது. கணக்குக்கு நேராக அறுபத்திரண்டு என்று சதமானம் போட்டிருந்தது. அதாவது, இந்தத் தேர்வை எழுதிய நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் அறுபத்திரண்டு பேரைவிட முன்னால் நிற்கிறாள். மோசமில்லை, பிரமாதமும் இல்லை. சாயங்காலம் அப்பாவிடம் இதைச் சொல்லித் தொலைத்தேன்.

"அறுபத்திரெண்டாவதா? கிளாஸ்ல மொத்தமே இருவது பேருன்ன. அறுபத்திரெண்டாவது எப்புடிமா வருவா?"

பின்னால் அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்டது. அண்ணி அங்கே ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குத்தான் பாடம் எடுக்கிறார். அப்பாவுக்கு விளக்கிவிட்டு என்னிடம் வந்தார். என் கிளாஸ் புள்ளைங்க பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்லுதுங்க, ஆனா கடையில பாக்கி வாங்கத் தெரியாது, நீ எதக் கேட்டு எத முடிவு பண்ணப்போறேன்னு எனக்கும் தெரியல என்றார். உதவியாக இல்லை, ஆனால் நேர்மையாக இருந்தது.

4

புதன்கிழமை பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. வழக்கமான சந்திப்பு இல்லை. இந்தப் பள்ளியில் வருடத்துக்கு ஒரு முறை பிள்ளையே பெற்றோரை உட்காரவைத்து, தான் என்ன கற்றுக்கொண்டேன், எதில் தடுமாறுகிறேன் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். ஆசிரியை பக்கத்தில் இருப்பார், பேசமாட்டார். போன வருடம் எஸ்தருக்குக் காய்ச்சல் என்பதால் நாங்கள் போகவில்லை.

இதைவிட நல்ல பரீட்சை எனக்குக் கிடைக்காது. ஆனால் பரீட்சை என்று மனதில் பட்டவுடன் என் கை தானாக வேலை செய்யத் தொடங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு தாளில், எஸ்தர் பேச வேண்டியதை நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். வாசிப்பில் முன்னேறியிருக்கிறேன், பெருக்கலில் முன்னேறியிருக்கிறேன், என் அடுத்த இலக்கு இது, என் ஆசிரியைக்கு நன்றி. சாயங்காலம் அவளை எதிரில் உட்காரவைத்தேன்.

"மம்மி, இதை நான்தான் ரெடி பண்ணணும்" என்றாள்.

நீயே பண்ணு, ஆனால் இப்படிப் பண்ணு என்றேன். அவள் நின்ற இடத்திலெல்லாம் நான் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தேன். விசில் மட்டும்தான் கொடுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் எஸ்தர் நிற்காமல் ஒப்பித்துவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. டேனியல் தாளை வாங்கிப் படித்துப் பார்த்தார்.

"இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்குது. ஆனா இது யாரு பேசறா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

5

புதன்கிழமை வகுப்பறையில் சின்ன நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். டேனியல் பழக்கதோஷத்தில் முதலில் மேலே காற்று வரும் துவாரத்தைப் பார்த்தார். எஸ்தரின் ஆசிரியை மிஸ் ஹேலி, இளம் பெண், எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். பிள்ளைகள் வீட்டு மொழியிலும் பேசலாம் என்று மட்டும் சொன்னார்.

எஸ்தர் தன் கோப்பை மேசையில் வைத்துக்கொண்டு தொடங்கினாள். வாசிப்புப் பகுதி கடகடவென்று போனது. மிஸ் ஹேலியின் புருவம் லேசாக ஏறியதைக் கவனித்தேன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பெருக்கலுக்கு வந்தாள். என் பெருக்கல் வாய்ப்பாடுகளில் நான் என்று தொடங்கி, நின்றுவிட்டாள்.

அடுத்த சொல் எனக்குத் தெரியும், நான் எழுதியதுதானே. உதட்டை அசைத்தேன். எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. மெல்லச் சத்தமாகவே எடுத்துக்கொடுத்தேன். அப்போது மிஸ் ஹேலி என் பக்கம் திரும்பாமலேயே, மேசைமேல் இருந்த கையை ஒரு விரல்கடை உயர்த்தினார். அவ்வளவுதான். அதட்டல் இல்லை. கொஞ்சம் இருங்கள் என்பது போல. பார்வை எஸ்தர்மேலேயே இருந்தது.

அந்த அறையில் யாருமே பேசவில்லை. குளிர்காற்று வரும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. என் பிள்ளை நின்றுவிட்டாள், எல்லோரும் பார்க்கிறார்கள், யாராவது ஏதாவது செய்யுங்கள் என்று உள்ளே அடித்துக்கொண்டது. மிஸ் ஹேலிக்கு அவசரமே இல்லை. எஸ்தர் திரும்பி வந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது போல இருந்தார்.

எஸ்தர் கோப்பிலிருந்து வேறொரு தாளை உருவினாள். நான் பார்த்திராத தாள், அடித்தல் திருத்தலாக இருந்தது. ஏழு எட்டு என்பதில் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன் என்று ஆங்கிலத்தில், தன் சொந்த ஆங்கிலத்தில், சொன்னாள். முதலில் ஐம்பத்துநான்கு என்று எழுதி அடித்திருந்தாள். கீழே ஏழு ஏழாகக் கட்டம் போட்டு, ஏழு ஏழு நாற்பத்தொன்பது என்று தெரிந்த இடத்திலிருந்து இன்னொரு ஏழு கூட்டி, ஐம்பத்தாறுக்கு வந்திருந்தாள். எனக்கு இது மனப்பாடம் இல்லை, ஆனால் இந்த இடத்துக்குப் போகும் வழி தெரியும் என்றாள்.

கணிதத்தில் முதுகலை படித்தவள் நான். வழி தெரிந்திருப்பதுதான் கணிதம் என்று எனக்குத் தெரியும். அதை என் மகள் சொல்லிக் கேட்கும்வரை, தெரியும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

வீட்டில் அம்மா அப்பா உனக்கு எப்படி உதவலாம் என்று மிஸ் ஹேலி கேட்டார். எஸ்தர் தாளை மடித்தாள், பிரித்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் பேசினாள். தாத்தாவோடு தினமும் வீடியோவில் பேசிப் பேசி வந்த தமிழ்.

"நான் நின்னா நீ சொல்லிடாதம்மா. நான் வந்துக்கினேதான் இருப்பேன்."

மிஸ் ஹேலிக்குப் புரியவில்லை. என்ன சொன்னாள் என்று கேட்கவும் இல்லை.

6

கிளம்பும்போது மிஸ் ஹேலியிடம் அடுத்த வருடமும் இருப்பீர்களா என்று கேட்டேன். ஜூனில் ஊருக்குப் போகிறேன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார். அப்படியானால் நான் எடைபோட்டது எதை? பள்ளியையா, ஜூனில் போய்விடும் ஒரு நல்ல பெண்ணையா?

காரில் இதைத்தான் புலம்பிக்கொண்டு வந்தேன். டேனியல் சிக்னலில் நிற்கும்போது, முன்பு எப்போதும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். போன மாதம் ஐந்தாம் வகுப்பு ஒன்றில் இயந்திரம் பழுதாகி, ஏணி போட்டு ஏறியிருந்தார். ஒரு பையன் கையைத் தூக்கி, அங்கிள், இந்தப் பெட்டி குளிர்ச்சியை எங்கேயிருந்து கொண்டுவருகிறது என்று கேட்டானாம். ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, சொல்லுங்கள் என்றாராம்.

"எனக்கு இங்கிலீஷ் வரலம்மா. ஏணி மேல நின்னுக்கினு தடுமாறிக்கினு இருந்தேன். அந்த சாரு எடுத்துக் குடுக்கல. ஒரு புள்ள சிரிக்கல. அப்புடியே காத்துக்கினு இருந்தாங்க, நான் முடிக்கிற வரைக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இன்னா சொல்றது? நல்லா இருந்துச்சு. அவ்ளோதான்."

அது வேறு ஆசிரியர், வேறு வகுப்பு, வேறு மாடி. யாரும் பார்க்க வராத சாதாரண நாள். நான் நான்கு நாளாகத் தேடிய அத்தாட்சி ஏணியின் மேல் நின்றிருக்கிறது.

அன்று முழுக்க யோசித்தேன். இந்தியப் பள்ளியில் இருப்பது எனக்குத் தெரியும். வாய்ப்பாடு, தமிழ் எழுத்து, அழகான கையெழுத்து, திரும்பி வந்தால் தடுமாறாமல் உட்கார ஒரு வகுப்பு. எல்லாமே பெரிய விஷயங்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானதை நான் சமையலறை மேசையில் கொடுத்துவிட முடியும். என்னிடம் வண்டி வண்டியாக இருப்பது அதுதான். இந்தப் பள்ளி எஸ்தருக்குக் கொடுக்கும் அந்தக் காத்திருப்பு என்னிடம் இல்லை. இல்லாததைத்தானே வெளியில் போய் வாங்க வேண்டும்?

வியாழக்கிழமை காலை அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, இடம் வேண்டாம் என்றேன். அந்த அம்மாள் நிச்சயமா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்றேன். வைத்த பிறகு மறுபடி கூப்பிடலாமா என்று அரை நாள் தவித்தேன். இதை எழுதும்போதும் முழு நிம்மதி இல்லை. டேனியலின் ஒப்பந்தம் அடுத்த வருடமே முடிந்தால், நீ செய்த வேலையைப் பார் என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். அதற்காக இப்போதே வாய்ப்பாட்டையும் தமிழையும் வீட்டில் தொடங்கிவிட்டேன், தினமும் கொஞ்சம்.

அப்பாவிடம் சாயங்காலம் சொன்னேன். வெகுநேரம் திரையில் அவர் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. உன் இஷ்டம்மா என்றார். அவருக்கு இஷ்டமில்லை என்று அர்த்தம். பிறகு, "புள்ளையக் கூப்புடு. ஏழாம் வாய்ப்பாடு சொல்லட்டும், பாக்கலாம்" என்றார்.

எஸ்தர் வந்து உட்கார்ந்தாள். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று நான் முன்பே தமிழில் சொல்லிக்கொடுத்திருந்த மாதிரியே போனாள். அப்பா ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழேழு நாற்பத்தொன்பது வரை வந்தாள். எட்டேழு என்றாள். நின்றாள்.

விடை என் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். காஞ்சிபுரத்திலும் சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் தொலைபேசி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் உதடு குவிந்ததைப் பார்த்தேன்.

"அப்பா" என்றேன். "அவ நிக்கலப்பா. வந்துக்கினு இருக்கா."

அப்பா உதட்டைத் தளர்த்தினார். திரைக்குப் பக்கத்தில் வந்து பேத்தியின் முகத்தைப் பார்த்தார். எஸ்தர் எங்கள் யாரையும் பார்க்காமல் விரலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வரட்டும்" என்றார். "ஆளு ஏறிக்கினு இருக்கிறப்ப நான் எப்பயாச்சும் விசில் குடுத்திருக்கேனா?"

நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.